டேங்க் கிளீனர் மீன கண்மாயில விடாதீங்க: இத சனங்ககிட்ட எப்படி கொண்டு போறது?

வைகைக்கரையான் (மதுரை)

வணக்கம் மக்களே. போன வாரம் எங்க பக்கத்து ஊர் கண்மாயில மீன்பிடி திருவிழா. விடியறதுக்கு முன்னாடியே ஊத்தா (மேல இருந்து கவுத்து மீனப் புடிக்கிற கூடு), கச்சா வலை, கூடைன்னு எடுத்துக்கிட்டு சனம் கரை முழுக்க நிக்குது, ஊர்ப் பெரியவங்க வெள்ளைத் துண்டு வீசுனதும் எல்லாரும் ஒரே நேரத்துல இறங்கிட்டாங்க. விரால் கிடைச்சுச்சு, நாட்டுக் கெளுத்தி கிடைச்சுச்சு, ஜிலேபி சொல்லவே வேணாம். ஆனா நான் நின்ன இடத்துல ஒருத்தர் ஊத்தாக்குள்ள கைய விட்டு எடுத்தது நம்ம டேங்க் கிளீனர், வீட்டு மீன் தொட்டியில பாசி திங்கட்டும்னு வாங்கி விடுவோமே, அந்த மீனு. முழங்கை நீளம் இருக்கும், உடம்பெல்லாம் எலும்புத் தகடு, வாய் அடிப்பக்கம், அவர் கையில துடுப்பு முள்ளு கிழிச்சு ரத்தம். "இத எவன் திம்பான்"னு கரையில தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாரு. வெயில் ஏறி ரொம்ப நேரம் ஆகியும் அது சாகல, செவுள் அசைஞ்சுக்கிட்டே கிடந்துச்சு. பாத்துக்கிட்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் பாவம்னு தூக்கி திரும்ப தண்ணியில விட்டுட்டான்.

அந்தப் பையன திட்ட எனக்கு மனசு வரல. அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. இந்த மீனு தென் அமெரிக்காவுல அமேசான் பக்கத்து மீனு, இங்க அதுவா நீந்தி வரல, வீட்டுத் தொட்டியில வளத்தவங்க பெருசானதும் கொண்டாந்து விட்டதுதான். காத்த விழுங்கி வயித்துலயே சுவாசிக்கும், அதனாலதான் கரையில கிடந்தும் சாகல. ஆண் மீனு கரையில ஆழமா வளை தோண்டி அதுக்குள்ள முட்டைய காக்கும், தண்ணி வத்துனாக்கூட ஈரமான வளைக்குள்ள தாக்குப் பிடிச்சு கிடக்கும். நம்ம கண்மாய்க்கு கரைதானே உசுரு, மண்ணு கரையில வளை வளையா தோண்டுனா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

என் கேள்வி இதுதான். தொட்டி மீன ஏரி குளத்துல விடக்கூடாதுங்குறது இந்தக் குழுவுல இருக்குற நமக்குத் தெரியும், வெளியில யாருக்கும் தெரியாது. அத எப்படி கொண்டு போறது? பள்ளிக்கூடமா, கடையா, கண்மாய்க்கரையா, எங்க ஆரம்பிக்கலாம்?

கொளத்தூர் கடைக்காரன் (சென்னை)

நான் அலங்கார மீன் கடை வச்சிருக்கேன், அதனால கடைக்காரன் பக்கத்துல இருந்து சொல்றேன். சின்னத் தொட்டி வாங்குறவங்க பத்துல பாதிப் பேரு கடைசியா கேக்குறது "கண்ணாடிய சுத்தம் பண்ற மீன் ஒண்ணு போடுங்க". ரெண்டு இஞ்ச் குட்டி, விலையும் ரொம்ப கம்மி, மத்த மீனோட சேத்து சும்மாகூட குடுத்துடுவாங்க. அது ஒன்றரை அடி வரைக்கும் வளரும்னு வாங்குறவங்களுக்குத் தெரியாது, விக்கிற பையனுக்கும் பல எடத்துல தெரியாது. வளந்த பிறகு அது பாசி திங்கிறதவிட கழிவு போடறதுதான் ஜாஸ்தி, தொட்டி இன்னும் அழுக்காகும், ராத்திரியில மத்த மீன் உடம்புல ஒட்டி வழுவழுப்ப உறிஞ்சும். அப்புறம் ஒரு வருசம் கழிச்சு பக்கெட்ல போட்டு எடுத்துட்டு வருவாங்க, "இத வச்சுக்கோங்க சார்"னு. பெரும்பாலான கடையில எடுத்துக்க மாட்டாங்க, பெரிய மீன வச்சுக்க எடம் இல்ல, வாங்க ஆள் இல்ல. திரும்பிப் போற வழியில ஏரி இருக்கு. அவ்ளோதான் கதை.

அதனால பிரச்சாரம் பண்றதுன்னா மீன் ஏரிக்கு வந்த பிறகு ஏரிக்கரையில போர்டு வைக்கிறதுல பிரயோஜனம் கம்மி. பாலித்தீன் பையில தண்ணி ஊத்தி ஆக்சிஜன் அடிச்சு ரப்பர் பேண்ட் போடுறோமே, அந்த ரெண்டு நிமிஷம் கஸ்டமர் நம்ம மூஞ்சியத்தான் பாத்துட்டு நிப்பாரு, அப்ப சொன்னா காதுல ஏறும். நான் சொல்லித்தான் விக்கிறேன். பாசிக்குத்தான் வேணும்னா பிரிசில்நோஸ் வாங்குங்க, அது நாலஞ்சு இஞ்ச்சோட நின்னுடும் (அதுவும் வெளிநாட்டு மீனுதான், அதையும் வெளிய விடக்கூடாது). இல்லன்னா ஒரு ஸ்பாஞ்ச் வாங்கி வாரம் ஒரு தடவ கண்ணாடிய தேய்ங்க, அதவிட நல்ல கிளீனர் கிடையாது.

செம்பருத்தி78

இந்த இழைய பாத்ததும்தான் கேக்கணும்னு தோணுச்சு. எங்ககிட்ட ஒரு அடி நீளத்துல ஒண்ணு இருக்கு, வீடு மாத்தப் போறோம், புது வீட்டுல பெரிய தொட்டி வைக்க எடம் இல்ல. பக்கத்துல ஏரி இருக்கு, அங்க விட்டா நிம்மதியா பொழச்சுக்கும்னு வீட்டுல பேசிட்டு இருக்காங்க. சாகடிக்க யாருக்கும் மனசு வரல, குழந்தைங்க பேரெல்லாம் வச்சு வளத்தாங்க. என்ன பண்றது, யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.

கொளத்தூர் கடைக்காரன் (சென்னை)

@செம்பருத்தி78 நல்லவேளை முன்னாடியே கேட்டீங்கம்மா. மொதல்ல வாங்குன கடையில கேளுங்க, காசு வேணாம் எடுத்துக்கோங்கன்னு சொன்னா சில பேரு எடுப்பாங்க. இல்லன்னா இங்கயே "மீன் குடுக்க / வாங்க" பகுதியில ஊர் பேரோட போடுங்க, நாலடி அஞ்சடி தொட்டி வச்சிருக்கவங்க இருக்காங்க, வாங்கிப்பாங்க. ஸ்கூல், காலேஜ் மீன் தொட்டியும் ஒரு வழி. சென்னைன்னா என் கடைக்கே கொண்டாங்க. எதுவுமே நடக்கல, மீனும் நோயில இருக்குன்னா கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணியில வலியில்லாம போக வைக்கிற முறை இருக்கு, தனியா எழுதுறேன், ஆனா அது கடைசி வழி. ஏரி மட்டும் வேணாம்.

தொட்டியில செடி இருந்தா அதையும் சாக்கடையில போடாதீங்க, வெயில்ல நல்லா காயவிட்டு குப்பையில போடுங்க. தொட்டித் தண்ணிய பூந்தொட்டிக்கு ஊத்துங்க, செடிக்கு நல்ல உரம். அந்தத் தண்ணியில நத்தை முட்டை, கண்ணுக்குத் தெரியாத செடித் துண்டு எல்லாம் இருக்கும், மண்ணுல ஊத்துனா அதோட முடிஞ்சுது, வாய்க்கால்ல ஊத்துனா ஏரிக்குத்தான் போகும்.

ஏரிநாடு தமிழன் (மினசோட்டா)

நான் இருக்குறது அமெரிக்காவுல மினசோட்டா, பத்தாயிரம் ஏரி இருக்குற மாநிலம்னு நம்பர் பிளேட்லயே போட்டிருப்பாங்க. இங்க மக்களுக்கு சொல்லிக் குடுக்குறத எப்படி பண்றாங்கன்னு பாத்ததால எழுதுறேன்.

இங்க பெரிய தலைவலி ஜீப்ரா மஸ்ஸல், வரி வரியா இருக்குற சின்ன சிப்பி. காஸ்பியன், கருங்கடல் பக்கத்துல இருந்து, கப்பல்ல பாரத்துக்கு ஏத்துற தண்ணியில வந்து 1988ல செயின்ட் கிளேர் ஏரியில கண்டுபிடிச்சாங்க, அடுத்த வருசமே எங்க டுலூத் துறைமுகத்துல இருந்துச்சு. தண்ணி எடுக்குற குழாய அடைச்சிடும், படகு மோட்டார்ல ஒட்டும், கரையில வெறுங்காலோட நடந்தா காலைக் கிழிக்கும். இதோட குஞ்சு கண்ணுக்கே தெரியாது, படகுல கொஞ்சம் தண்ணி மிச்சம் இருந்தா அதுலயே உக்காந்து அடுத்த ஏரிக்குப் போயிடும்.

அதுக்கு இவங்க சொல்றது மூணே வேலை: கழுவு, வடி, மிச்ச இரைய குப்பையில போடு. படகு இறக்குற இடத்துல இதே மூணும் போர்டுல இருக்கும், லைசன்ஸ் வாங்குறப்ப குடுக்குற புத்தகத்துல இருக்கும், தூண்டில் சாமான் கடையில இருக்கும். ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு மாதிரி சொல்றதே கிடையாது. ஏரியில இருந்து வெளிய வந்ததும் படகுல ஒட்டியிருக்க செடிய புடுங்கணும், அடி மூடிய கழட்டி தண்ணிய வடிச்சுட்டு, மூடி கழட்டினபடியேதான் ரோட்டுல போகணும், அது சட்டம். மிச்சமான இரைய குப்பையில போடணும், தண்ணியில கொட்டக்கூடாது. வேற ஏரிக்குப் போறதுக்கு முன்னாடி 5 நாள் காய வைக்கச் சொல்றாங்க, அவசரம்னா சுடுதண்ணி அடிச்சு கழுவிக் குடுக்க எடம் இருக்கு.

எனக்கு புடிச்ச விஷயம், சீசன்ல படகுத்துறையில ஆள் நிப்பாங்க, அதுல நெறைய பேரு காலேஜ் பசங்க. அதட்ட மாட்டாங்க, "எந்த ஏரியில இருந்து வர்றீங்க, அடுத்து எங்க போறீங்க"ன்னு கேட்டுட்டு, நம்ம கூடவே குனிஞ்சு டிரெய்லர் அடியில காட்டுவாங்க, பாருங்க இங்கதான் செடி சிக்கிக்கும்னு. இதை கையால ஒரு தடவ செஞ்சு பாத்தவன் அடுத்த தடவ தானா செய்வான். நம்ம ஊர்ல படகு இல்ல, ஆனா வலை இருக்கு, ஊத்தா இருக்கு, ஆகாயத்தாமரை அள்ளுற ஜேசிபி இருக்கு. ஒரு ஏரியில அள்ளிட்டு கழுவாம அடுத்த ஏரியில போயி அதே வண்டிய இறக்குறாங்களே, அத யாரு சொல்றது?

நேர்பேச்சு

எல்லாரும் நல்ல மனசோட பேசுறீங்க, ஆனா எனக்கு நம்பிக்கை இல்ல, காரணம் சொல்றேன். ஜிலேபி மீன 1952ல இந்தியாவுக்கு கொண்டு வந்தது யாரு, அரசாங்கம். கொசுப்புழு திங்கட்டும்னு கம்பூசியா மீன 1928ல இருந்து குளம் கிணறுன்னு பாக்காம விட்டது யாரு, சுகாதாரத் துறை. இன்னைக்கும் டெங்கு சீசன்ல பாக்கெட்ல போட்டு குடுக்குறாங்க. அரசாங்கமே விடும்போது செம்பருத்தி அக்கா ஒரு மீன் விடக்கூடாதுன்னு சொன்னா மக்கள் கேப்பாங்களா? ஆப்பிரிக்கக் கெளுத்தி 2000லயே தடை பண்ணியாச்சு, என்ன ஆச்சு, கோழிக்கழிவு போட்டு குட்டையில வளத்து சந்தையில வித்துக்கிட்டுத்தான் இருக்காங்க. சட்டம் போட்டே ஒண்ணும் நடக்கல, நோட்டீஸ் குடுத்து என்ன நடக்கப் போகுது. ஜிலேபிய இப்ப நாமளே ஆசையா திங்கிறோம், அதுமாதிரி இதுவும் பழகிடும்.

பழவேற்காட்டு டீச்சர்

@நேர்பேச்சு தம்பி, "பழகிடும்"னு எங்க ஊர்ல வந்து சொல்லிப் பாருங்க. எண்ணூர் கொசஸ்தலை ஆத்துலயும் பழவேற்காடு ஏரியிலயும் தென் அமெரிக்காவுல இருந்து வந்த ஒரு சிப்பி பரவியிருக்கு, மீனவங்க காக்கா ஆழின்னு சொல்றாங்க. ஆத்தடியில பாய் விரிச்ச மாதிரி கருப்பா மூடிடுது. எங்க பக்கத்துப் பொம்பளைங்க இடுப்பளவு தண்ணியில உக்காந்து, கழுத்துல கட்டின பறிக்கூடைய வாயில கவ்விக்கிட்டு, ரெண்டு கையாலயும் சேத்துல தடவி இறால் பிடிப்பாங்க. இப்ப கை வச்சா எங்க பாத்தாலும் அந்த ஓடுதான், விரலெல்லாம் வெட்டு. இறால் ஒளியுறதுக்கு சேறு இருக்கணும், சேத்த இது மூடிடுச்சு. இந்தப் பொம்பளைங்களுக்கு வேற தொழில் தெரியாது. இது பழகுற விஷயம் இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும், இது மத்தவங்களுக்கு. விழிப்புணர்வுன்னாலே நம்ம ஆளுங்க மைக்க எடுத்துக்கிட்டு மீனவங்களுக்கு பாடம் நடத்த கிளம்பிடுறாங்க. காக்கா ஆழி மீனவன் கொண்டு வந்தது கிடையாது. கப்பல் பாரம் சரி பண்ண ஏத்துற தண்ணியிலயும் கப்பல் அடியில ஒட்டிக்கிட்டும்தான் இந்த மாதிரி சிப்பியெல்லாம் நாடு விட்டு நாடு போகுது. அந்தத் தண்ணிய சுத்தம் பண்ணித்தான் விடணும்னு உலக நாடுகள் 2004ல ஒப்பந்தம் போட்டு 2017ல நடைமுறைக்கே வந்தாச்சு. அப்ப பாடம் யாருக்கு நடத்தணும்? துறைமுகத்துக்கும் கப்பல் கம்பெனிக்கும். மீனவங்ககிட்ட போறதுன்னா கேக்கப் போங்க, புதுசா ஏதாவது வலையில வந்தா முதல்ல தெரியுறது அவங்களுக்குத்தான், இந்தச் சிப்பிய முதல்ல கவனிச்சு கத்துனதும் அவங்கதான். அவங்க போட்டோ எடுத்து அனுப்ப ஒரு நம்பர், அனுப்புனா பதில் சொல்ல ஒரு ஆபீசர், இது ரெண்டும் இருந்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

சிங்கை மணி (சிங்கப்பூர்)

இங்க பிரச்சனை வேற மாதிரி. விசாக தினத்துல புண்ணியம்னு மீன், ஆமை, பறவையெல்லாம் வாங்கி கொண்டு போயி நீர்த்தேக்கத்துல விடுவாங்க. ஆமைன்னா பெரும்பாலும் அந்த காது பக்கம் சிவப்புக் கோடு இருக்குற குட்டி ஆமை, அதுவும் அமெரிக்காவுல இருந்து வந்தது. தேசியப் பூங்காக் கழகம் வருசா வருசம் விசாக சமயத்துல தொண்டூழியர்கள வச்சு நீர்த்தேக்கம், பூங்கா வாசல்லயே நிக்க வைக்கும். அவங்க "சட்டப்படி குத்தம்"னு ஆரம்பிக்க மாட்டாங்க, அதுவும் குத்தம்தான், ஆனா முதல்ல சொல்றது, "தொட்டியில வளந்த உயிருக்கு வெளிய இரை தேடத் தெரியாது, பெரும்பாலும் செத்துப் போயிடும், பிழைச்சா அங்க இருக்குற உயிர சாகடிக்கும்". புண்ணியம் தேடி வந்தவர்கிட்ட புண்ணியத்தோட பாஷையிலயே பேசுறாங்க. கண்மாயில அந்தப் பையனுக்கும் இதுதான் வேணும்னு நினைக்கிறேன். பாவம்னு நினைச்ச மனச அப்படியே வச்சுக்கிட்டு, பாவம் எந்தப் பக்கம்னு காட்டணும்.

வன்னிக்குளம் (வவுனியா)

எங்கட பக்கத்துக் கதையையும் சொல்லுறன். ஆகாயத்தாமரை இலங்கைக்கு 1905ல வந்தது, வடிவான பூ எண்டு கொண்டுவந்தவை. நாலு வருசத்துக்குள்ள பரவுற விதத்தைப் பாத்துப் பயந்து 1909ல அதுக்கெண்டே ஒரு தனிச் சட்டம் போட்டவை. சட்டம் போட்டு நூறு வருசத்துக்கு மேல ஆகிட்டுது, குளங்களில இண்டைக்கும் ஆகாயத்தாமரை நிக்குது. அதால நேர்பேச்சு சொன்னதில ஒரு பாதி சரி, சட்டம் மட்டும் காணாது. ஆனா அதுக்காக ஒண்டும் செய்யாமல் விடேலாது தானே.

2025ல தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில பெரிய வெளிநாட்டு விரால் இனம் ஒண்டு பெருகி, வழமையா பிடிபடுற மீனுகள் குறைஞ்சு போச்செண்டு மீனவர்கள் சொல்லத் தொடங்கிச்சினம். அலங்கார மீன் எண்டு வந்ததைத்தான் ஆரோ விட்டிருப்பினம் எண்டு சந்தேகம். அதைப் பிடிச்சுக் குறைக்கவெண்டு அங்க தூண்டில் போட்டியே வைச்சவை. அந்த மீன் குறைஞ்சுதோ இல்லையோ, போட்டிக்கு வந்த சனத்துக்கு எந்த மீன் ஊர் மீன், எந்த மீன் வந்த மீன் எண்டு கண்ணால பாத்துத் தெரிஞ்சிருக்கும். எங்கட விராலையும் அதையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுக் காட்டினா சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

வைகைக்கரையான் (மதுரை)

@நேர்பேச்சு அண்ணே, ஜிலேபி, கம்பூசியா பத்தி நீங்க சொன்னது உண்மை, மறுக்கல. ஆனா அதுவே நான் சொல்றதுக்குச் சாட்சி. அன்னைக்கு விடும்போது எதிர்த்து கேக்க ஆள் இல்ல, ஏன்னா யாருக்கும் தெரியாது. இன்னைக்கு ஊருக்குத் தெரிஞ்சா, கம்பூசியா பாக்கெட்டோட வர்றவர்கிட்டயே "ஏன் சார், நெத்தியில வெள்ளப் பொட்டு வச்ச நம்ம முண்டக்கண்ணி கொசுப்புழு திங்காதா"ன்னு ஒரு ஆள் கேப்பான். அது நல்லாவே திங்கும். சின்ன வயசுல வாய்க்கால்ல துண்டு போட்டு புடிச்ச மீனுதானே, இப்ப பிள்ளைங்களுக்கு காட்டலாம்னாகூட தேட வேண்டியிருக்கு.

டேங்க் கிளீனர் ஜிலேபி மாதிரி பழகவும் பழகாது. மெக்சிகோவுல இன்ஃபியர்னில்லோன்னு ஒரு அணை, அங்க நல்லா நடந்த மீன்பிடித் தொழிலே ஜிலேபிய நம்பித்தான். இந்த மீனு பெருகுன பிறகு வலையில வர்றதுல பெரும்பகுதி இதுதான், வலையும் கிழியும், விலையும் போகாதுன்னு தொழிலே படுத்துடுச்சு. நம்ம பக்கம் ஹைதராபாத் சிசிஎம்பி (உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம்) விஞ்ஞானிங்க கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதி நீர்நிலைகள்ல தண்ணிய எடுத்து அதுல கலந்திருக்க டிஎன்ஏவ வச்சு தேடுனப்ப சுமாரா 60 சதவீத எடத்துல இந்த மீனு இருக்குன்னு தெரிஞ்சுச்சு. பரவுனதுக்கு அப்புறம் திரும்ப எடுக்கவே முடியாது, அதான் மிச்சம் இருக்குற 40ஐ காப்பாத்தணும்னு துடிக்கிறேன்.

பாசிப்பந்து

ஒரு தகவல், தொட்டி வைக்கிறவங்களுக்கு. 2021ல அமெரிக்காவுல, மீன் தொட்டியில போடுறதுக்குன்னு கடையில விக்கிற பாசி உருண்டைக்குள்ள மேல அந்த அண்ணன் சொன்ன ஜீப்ரா சிப்பி உயிரோட இருந்துச்சு, ஒரு கடை ஊழியர்தான் கவனிச்சு சொன்னாங்க, அப்புறம் நாடு முழுக்க கடையில இருந்து எடுத்தாங்க. சொல்லிக் குடுத்த ஒரு கடை ஊழியர் எவ்ளோ பெரிய காவல்னு இதுல தெரியும். அதே மாதிரி வெளிய குளம் கட்டி பெரிய மீன் வளக்குறவங்க மழைக்காலத்துல கவனமா இருங்க, 2018 கேரளா வெள்ளத்துக்கு அப்புறம் சாலக்குடி ஆத்துல அரபைமான்னு அமேசான் பக்கத்து ராட்சத மீனு மாட்டுச்சு. அத யாரும் விடல, வெள்ளம் வந்து தூக்கிட்டுப் போச்சு.

நேர்பேச்சு

டீச்சர் எழுதுனத படிச்சேன், பழகிடும்னு சொன்ன அந்த வரிய நான் வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா பள்ளிக்கூடத்துல ஒரு நாள் பேச்சுப்போட்டி, பேரணி, பேனர், அதோட முடிஞ்சுது, இப்படின்னா நான் வரல. கடையில நடக்குறதுன்னா வரேன்.

கொளத்தூர் கடைக்காரன் (சென்னை)

அப்ப கடையிலயே ஆரம்பிப்போம். மீன் பையில ஒரு அட்டை. ஸ்டிக்கர் ஒட்டாது, பை ஈரமாத்தான் இருக்கும், பையோட கழுத்துல ரப்பர் பேண்ட் போடுறப்பவே சேத்து மாட்டுற மாதிரி லேமினேட் பண்ணின சின்ன அட்டை. அது வீட்டுக்குப் போகும், பிள்ளைங்க படிக்கும். நான் எழுதிப் பாத்தது:

"இந்த மீன் ஒன்றரை அடி வளரும். பத்து வருசத்துக்கு மேல வாழும். வளர்க்க முடியலன்னா எங்க கடைக்கே கொண்டு வாங்க. ஏரி, குளம், ஆறு, கிணறு எதுலயும் விடாதீங்க."

பழவேற்காட்டு டீச்சர்

நல்லா இருக்கு. "விடாதீங்க"ங்குறதோட நிறுத்தாம "விட்டா நம்ம ஊர் மீனோட முட்டைய தின்னுடும், கரைய தோண்டிடும்"னு ஒரு வரி சேருங்க. காரணம் சொன்னா பிள்ளைங்க அப்பா அம்மாவுக்கே பாடம் எடுப்பாங்க. "எங்க கடைக்கே கொண்டு வாங்க"ன்னு போட்டா நெஜமாவே வாங்கிக்கணும், அதுக்கு ஒத்துக்கிட்ட கடைக்கு மட்டும் அட்டை குடுங்க.

செம்பருத்தி78

எங்க மீன வாங்கிக்க அஞ்சடி தொட்டி வச்சிருக்க ஒருத்தர் கிடைச்சிட்டாரு, ஞாயித்துக்கிழமை குடுக்கப் போறோம். பசங்க அங்க போயி பாக்கலாம்னு சொல்லியிருக்காரு. அந்த அட்டையில மீன் படம் ரெண்டு போடுங்க, குட்டியா இருக்குறது ஒண்ணு, வளந்தது ஒண்ணு, பக்கத்துல ஒரு ஸ்கேல். படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும்.

கொளத்தூர் கடைக்காரன் (சென்னை)

படம் போட்டுடலாம்மா. டீச்சர் சொன்ன வரியும் சேக்குறேன், கண்டிஷனும் சரிதான், எங்க தெருவுல கேட்டுப் பாத்தேன், மூணு கடை திரும்ப வாங்கிக்க ஒத்துக்கிட்டாங்க, மத்தவங்க பெரிய சிமெண்ட் தொட்டி ஒண்ணு பொதுவா கட்டுனா சேருறோம்னு சொல்றாங்க. இங்க இருந்து மொத்தமா ஆந்திராவுக்கும் சரக்கு போகுது, அதனால அதே அட்டை தெலுங்குலயும் வேணும். எழுதித் தர யாராச்சும் இருக்கீங்களா?

ஏரிநாடு தமிழன் (மினசோட்டா)

என் மனைவி நெல்லூர்க்காரங்க, இன்னைக்கு ராத்திரியே எழுதி அனுப்புறோம். பின்பக்கம் காலியா விடாதீங்க, தொட்டிச் செடிய காயவச்சு குப்பையில போடுங்க, தண்ணிய செடிக்கு ஊத்துங்கங்குறத அங்க போட்டுடலாம்.